ஆணி அடிக்கக்கூடாத சுவர்

உங்கள் ஸ்டேஷன் சுவரில் ஆணிகள் அதிகம் ஐயா. அதில் பாதியில் ஒன்றுமே தொங்கவில்லை. காலண்டர் மாட்ட ஒருவர் அடித்திருக்கிறார். அடுத்து வந்தவருக்கு அந்த இடம் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளி இன்னொன்று அடித்திருக்கிறார். பழையதைப் பிடுங்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உட்காரவைத்து டீ கொடுத்திருக்கிறீர்கள், சும்மா இருக்க முடியாமல் கண் அங்கே போய்விட்டது.

மாடி வீட்டுத் தம்பி இறந்ததைப் பற்றிக் கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் சுவரிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

வாடகைக்கு விடுகிற வீடு எனக்கு மூன்று. மாடியில் ஒன்று, முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. நானும் என் மனைவியும் கீழே இருக்கிறோம். ஓய்வு பெறும்வரை வயரிங் வேலை பார்த்தவன் நான். மூன்று வீட்டுக்கும் வயர் இழுத்தது நான், சுவருக்குப் பட்டி பார்த்ததும் நான். இரண்டு கை பட்டி பூசி, காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி பூசித் தேய்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று தெரியாது. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று என் மனைவி சொல்வாள். அவள் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பாள்.

குடியிருப்பவர்களை நான் படுத்தியதே இல்லை. விசாரித்துப் பாருங்கள். எந்நேரம் வந்தாலும் கேட் திறந்திருக்கும். நாய் வளர்க்கலாம். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டுக்கொள்ளலாம், பாத்திரத்தை எறியலாம், சுவரில் படாமல். எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். ஆணி அடிக்கக்கூடாது.

முதலில் மாடியில் ஒரு டீச்சரம்மா இருந்தார். தங்கமான மனுஷி. காலி செய்த அன்று சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். குடைக்கு ஒரு ஆணி, சாவிக்கு ஒரு ஆணி, துடைப்பத்துக்கு ஒரு ஆணி. எதற்கென்றே தெரியாமல் ஓர் ஆணி, அதிலிருந்து கயிறு கட்டி இன்னொன்று. நின்ற இடத்திலேயே அழுதேன் ஐயா. என் அப்பா போனபோதுகூட நான் அப்படி அழவில்லை. அவருக்கு வயதாகியிருந்தது, சுவருக்கு ஆகவில்லை.

"என்ன சார், ஓட்டைதானே? கொஞ்சம் பட்டி பூசினா போச்சு" என்றார் டீச்சரம்மா. போகிற போக்கில் சொன்னார்.

அந்த வீட்டை உடனே வாடகைக்கு விடவில்லை. சுவரை வெட்டினேன். "சும்மா இருக்கிற சுவரை எதுக்குங்க நோண்டுறீங்க?" என்று என் மனைவி கேட்டாள். "வயர் மாத்தறேன்" என்றேன். பொய் இல்லை. வழக்கமாக வயர் சுவிட்சிலிருந்து நேராக மேலே போகும். நான் கொஞ்சம் சுற்றிக் கொண்டுவந்தேன். படமோ கடிகாரமோ, எதை மாட்டுவதாக இருந்தாலும் மனிதர்கள் தேடுகிற இடம் ஒன்றுதான். வாசலுக்கு நேர் எதிர்ச்சுவர், நடுவில், தலைக்குக் கொஞ்சம் மேலே. இந்த விஷயத்தில் படித்தவன் படிக்காதவன் வித்தியாசமே கிடையாது. அந்த இடத்தில் வயரைப் போகவும் வரவும் நெருக்கமாக ஓடவிட்டேன், பட்டிக்கு அடியிலேயே. கோளாறு வந்தால் தானாக அணைந்துகொள்ளும் சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதைக் கழற்றிவிட்டேன். அடிக்கடி அணைந்தால் குடியிருப்பவர்களுக்குத் தொந்தரவு.

தோட்டத்துக்கு முள்வேலி போடுகிறவனை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவதில்லை. அதையும் யோசியுங்கள்.

பிறகுதான் தம்பி வந்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாவியைக் கொடுக்கும்போது, "எல்லாம் உங்க வீடு மாதிரி வெச்சுக்கோங்க தம்பி, ஆணி மட்டும் அடிக்கக்கூடாது" என்றேன்.

"எங்ககிட்ட மாட்டறதுக்கே ஒண்ணும் இல்ல அங்கிள்" என்று சிரித்தான்.

உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. மாட்டுவதற்கு ஒன்றுமில்லாதவர்களைப் போல நல்ல குடித்தனக்காரர்கள் கிடையாது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான பையன். என் கண்ணாடியின் காது கழன்றபோது, கேட்காமலே வாங்கிக்கொண்டு போய்ச் சரிசெய்து கொண்டுவந்தான். இதோ போட்டிருக்கிறேனே, இதுதான்.

வயரைப் பற்றி அவனிடம் சொன்னேனா என்று கேட்கிறீர்கள். சொல்லவில்லை. சொன்னால் பயந்துகொண்டு அடிக்காமல் இருப்பான். அதில் அவனுக்கு என்ன பெருமை? அவன் தானாகவே ஒழுங்காக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கெடுத்தவள் என் மனைவி. அவனை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அவர்கள் கல்யாண நாளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக் கொடுத்தாள். சுவர்க்கடிகாரம்! கடையில் வேறு பொருளா இல்லை? தம்பி அதை டிவி பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தான். இவள் மாடிக்குப் போய், "கடிகாரத்தைக் கீழ வெச்சா நல்லாவா இருக்கு? ஒரே ஒரு ஆணிதானே தம்பி. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாளாம். பேசிக்கிறேன் என்றவள் பேசவில்லை. பேசியிருந்தால் முடியாது என்றிருப்பேன், தம்பியும் உயிரோடு இருந்திருப்பான். இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு அவள் கடைக்குப் போயிருந்தாள். நர்ஸ் பெண் டியூட்டியில் இருந்தது. நான் கீழே மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே ஒரு சத்தம். அமுங்கின சத்தம். எனக்குக் கேட்கக்கூடாது என்று சுத்தியலில் துணி சுற்றியிருக்கிறான். ஆணியைவிட அந்தத் துணிதான் எனக்கு வலித்தது. என்னிடமே மறைக்கிறான் பாருங்கள்.

மாடிப்படியில் நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். என் தொண்டையில் கோளாறு ஒன்றுமில்லை. நான் பட்டிப் பையைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். கலக்கிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது அடி. அப்புறம் இன்னொன்று. அப்புறம் விழுந்த சத்தம்.

மெயினை அணைத்துவிட்டு மேலே போனேன். ஆணி பாதிதான் இறங்கியிருந்தது. பிடுங்கினேன், ஓட்டையை அடைத்தேன், தகட்டால் வழித்தேன். அதன் பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். நர்ஸ் பெண்ணுக்கும் நான்தான் செய்தேன். அந்தப் பெண் ஓடிவந்தது. கழுத்தைத் தொட்டுப் பார்த்தது, மார்பை அமுக்கி அமுக்கிப் பார்த்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கையை எடுக்கச் சொன்ன பிறகுதான் நிறுத்தியது. அழவில்லை. சுவரைப் பார்த்தது, தரையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"அங்கிள், சுத்தியல் இருக்கு. துணி இருக்கு. ஆணி எங்க?"

என் சட்டைப் பையில் இருந்தது. அதைத்தான் நீங்கள் கவரில் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

நீங்களே சொன்னீர்கள், ஆணியை மட்டும் விட்டுவைத்திருந்தால் இது விபத்து என்று. குடியிருந்தவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, கரண்ட் அடித்துவிட்டது, பாவம், அவ்வளவோடு முடிந்திருக்கும். நான் இந்நேரம் என் வீட்டில் உட்கார்ந்து இதைவிட நல்ல டீ குடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் அது ஆணி ஐயா. சுவரில் இருந்தது. எப்படி விட்டுவிட்டு வர முடியும்?

ஆமாம், மற்ற இரண்டு வீட்டுச் சுவரிலும் அப்படி வயர் உண்டு. உங்கள் ஆள் எதற்கு இப்படி ஓடுகிறார்? பக்கத்து வீடு காலியாக இருக்கிறது. முன்வீட்டுக்காரர் காலண்டரைக்கூட மேஜைமேல் சாய்த்து வைக்கிறவர். ஒழுங்கானவருக்கு ஒன்றும் ஆகாது. இருந்தாலும் மெயினை அணைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள். சுவரை உடைக்காமல் பார்க்க வழி உண்டா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

மாடிச்சுவரை நீங்கள் தடவிப் பார்த்தீர்களா? எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடிந்ததா? முடியாது.

ஆம்புலன்ஸுக்கு ஏன் முதலிலேயே போன் செய்யவில்லை என்று மறுபடியும் கேட்கிறீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார் என்றால் சரியாகத்தான் சொல்வார், அது அவர் தொழில். ஆமாம், நான் போனபோது மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. "அங்கிள்" என்றான். "இருப்பா, இதோ வந்துட்டேன்" என்றேன். நான் வேலையை முடிக்கும்வரை என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

என்னைக் கல்மனசுக்காரன் என்று எழுதிவிடாதீர்கள் ஐயா. கலந்த பட்டி காத்திருக்காது, இறுகிவிடும். மனுஷன் கொஞ்சம் காத்திருப்பான் என்று நினைத்தேன்.