மூலஸ்தானத்தில் ஒரு நித்திரை

“என்ர மகள் மூலஸ்தானத்துக்குள்ள படுத்து நித்திரை கொண்டவளாம்.”

மில்லிக்கனில் பஸ்ஸுக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண் இப்படிச் சொன்னதும் நான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டேன். அவர் தன் தோழியிடம் போனை நீட்டினார். ஈராக்கில் மண்ணுக்கடியிலிருந்து தோண்டியெடுத்த பழங்கோயில் ஒன்றின் படம். கூரையில்லாத அறைகள், செங்கல் சுவர்கள். மகள் அங்கே அகழாய்வு வேலைக்குப் போயிருக்கிறாளாம்.

“உந்த உள்ளறைதான். வெய்யிலுக்கு மேல படங்கு கட்டியிருக்கினம். மத்தியானத்தில அதுக்குள்ளதான் படுக்கிறாளாம்.”

“ஐயோ, ஐயர் மட்டும் போற இடமெல்லோ?”

“நானும் அப்பிடித்தான் பேசினனான். ‘அம்மா, சாமி போய் எத்தினை ஆயிரம் வருசம், இது இப்ப சும்மா எம்ப்டி ரூம்’ எண்டுறாள்.”

“அவள் சொல்லுறதும் சரிதானே.”

“என்ன சரி?” அவர் போனைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டார். “அவளின்ர ரூமும் இப்ப எம்ப்டிதான். தட்டாமல் வரக்கூடாது எண்டு சின்னனில கதவில எழுதி ஒட்டினவள். இண்டைக்கும் கூட்டப் போகேக்க நான் தட்டிப்போட்டுத்தான் உள்ள போறனான்.”