ஏழாவது பாட்டில் ஒரு குறுக்கீடு

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு எப்போது முடியுமென்று இப்போதே கடிகாரம் பார்க்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! மடியில் பிள்ளையும் கையில் பையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! சுவரோரம் நின்று விசிலடிக்கும் தம்பிமார்களே! டிரம்ஸ் வாசிப்பவனை நம்பி மைக்கைக் கொடுத்த உங்கள் துணிச்சலுக்கு என் தலைதாழ்ந்த வணக்கம்!

இன்று வெளியாகும் ஆல்பத்தின் நாயகன் நம் ராப் பாடகன் பட்டாசு. ஏன் அந்தப் பெயர்? பற்றவைத்தால் நிற்கமாட்டான்! இந்த ஆல்பத்துக்கு முன்பு அவன் பாடியதெல்லாம் கணினித் தாளத்துக்குத்தான். முதல் ஒத்திகையில் எங்கள் குழுவினர் ஐவரையும் ஏற இறங்கப் பார்த்தான்.

“அண்ணே, கம்ப்யூட்டர் டீ கேக்காது. நீங்க மூணு தடவை கேட்டுட்டீங்க.”

“கம்ப்யூட்டருக்கு வேர்க்குமா தம்பி? எங்களுக்கு வேர்க்குதே!” என்றேன்.

ரசிகர்கள் முன்னிலையில் நேரடிப் பதிவு; அதற்கு மண்டபம் கிடைத்தது ஒரே ஒரு மாலை. தவறினால் மறுபதிவு கிடையாது. ஆறு பாட்டு அருமையாய் முடிந்தது. ஏழாவது பாட்டு அவன் அம்மாவைப் பற்றியது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நின்றபடியே விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டு அவனை வளர்த்தவர். அன்று முதல்வரிசையில் அமர்ந்திருந்தார். பட்டாசு வெடித்தது. நான்காவது வரியில் அந்தத் தாய் எழுந்தார்.

“டேய்! யாருடா உன்னைத் தொரத்துறா? மெதுவா சொல்லு, ஒண்ணும் புரியல!”

மண்டபம் அதிரச் சிரித்தது. ஒலிப்பதிவாளர் தலையில் கைவைத்தார். பட்டாசு நமத்துப்போனான்! (சிரிக்காதீர்கள் தம்பி, உங்கள் அம்மாவும் இங்கேதான் இருக்கிறார்!) நான் குச்சியைக் கீழே வைக்கவில்லை, வேகத்தைப் பாதியாய்க் குறைத்தேன். பேஸ் கிடார்க்காரர் கூடவே வந்தார். பட்டாசு சொல் சொல்லாய்ச் சொன்னான்: நீராவி, வெந்த விரல், வீங்கிய கால், “பத்து வருஷம் நின்ன அம்மா...”

“பத்தா? பதினேழுடா!”

“அம்மா, பத்துதான் தாளத்துல உக்காருதும்மா!”

“உன் தாளம் உக்காரட்டும். நின்னது நானு!”

பட்டாசு திரும்பி என்னைப் பார்த்தான். இரண்டு தட்டு கூட்டினேன். “பதினேழு வருஷம்” என்றான், குரல் உடைந்தது. மண்டபமே “பதினேழு” என்று திருப்பிச் சொன்னது. தாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்பதான்டா புரிஞ்சுது” என்றார்.

மறுநாள் ஒலிப்பதிவாளர், “அம்மா பேசினதை வெட்டிடலாமா?” என்று கேட்டார்.

“அதை வெட்டினா ஆல்பமே வேண்டாம்ணே” என்றான் பட்டாசு.

அன்பர்களே! கணினிக்குத் தாளம் தப்பாது, ஒப்புக்கொள்கிறேன். களைப்பு வராது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தாய் குறுக்கிட்டால் அதற்குக் காத்திருக்கத் தெரியுமா? கேட்கத் தெரியுமா? கேட்டுத் தணிந்து, தணிந்து துணைவரத் தெரியுமா? மனிதனுக்கு மனிதன் வாசிப்பது அதற்காகத்தான் ஐயா, அதற்காகத்தான்!

ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். டிரம்ஸ், கிடார், கீபோர்டு என்று எங்கள் ஐவர் பெயரும் வரிசையாய் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள்: “குறுக்கீடு: அம்மா.”

பொறுமையாய்க் கேட்ட காதுகளுக்கு நன்றி! கைதட்டிச் சிவந்த கைகளுக்கு வணக்கம்!