அப்பா படித்துவிட்டார்

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, நாளைக்கு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது இன்றைக்கே தெரிந்துவிடும். எல்லோருக்கும் முதல் நாளே நான் மெசேஜ் அனுப்பி நினைவுபடுத்த வேண்டும். ஒரு டிக் விழுந்தால் என் கையைவிட்டுப் போய்விட்டது, அவர் ஃபோனைப் போய்ச் சேரவில்லை. இரண்டு டிக் என்றால் சேர்ந்துவிட்டது. இரண்டும் நீலமானால் படித்துவிட்டார். படித்துவிட்டுப் பதில் போடாதவர்களில் பாதிப் பேர் எப்படியும் வந்துவிடுவார்கள். பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம், அவ்வளவுதான். மெசேஜ் போய்ச் சேர்ந்தும் திறந்தே பார்க்காமல் இருக்கிறார்களே, அவர்கள்தான் வரமாட்டார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது தம்பி. டீ ஆறிக்கொண்டிருக்கிறது, குடியுங்கள். அவள் உள்ளே இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள். குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வோம்.

அப்பாவின் ஃபோனை வாங்கிப் பார்த்தீர்கள். உங்கள் மனைவி அனுப்பிய ஒவ்வொரு மெசேஜும் திறந்திருக்கிறது. "இதெல்லாம் படிச்சிருக்காரே அக்கா, அப்புறம் ஏன் அவளுக்கு நீலம் ஆகல?" என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவளுக்கு அந்தப் பொறுமை எப்போதும் கிடையாது.

அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கூச்சல் போடும் பிள்ளைகளைக்கூடக் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே உட்கார வைத்துவிடுவார். வீட்டிலும் அப்படித்தான். அதிகம் பேசமாட்டார், பேசினால் பேச்சு மாறமாட்டார். அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது என் தங்கை உங்களோடு கிளம்பிப் போனாள். குற்றம் சொல்லவில்லை, உங்களுக்கு அங்கே வேலை காத்திருந்தது. அம்மா போன செய்தி கேட்டு அவள் ஓடி வருவதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருந்தது. அன்றைக்கு இதே கூடத்தில் எல்லார் முன்னாலும் அப்பா சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும்.

"இவள நான் தல முழுகிட்டேன். இனிமே இவகிட்ட ஒரு வார்த்த பேசினா என்னை என்னன்னு வேணா கேளுங்க."

சொன்னபடியே இருந்தார். அவள் கூப்பிட்டால் எடுக்கமாட்டார். என் ஃபோனை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்புறம்தான் அவள் மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தாள். இன்றைக்கு மழை அப்பா. இன்றைக்குக் குழந்தை குப்புற விழுந்தாள் அப்பா. உங்கள் வீட்டு பால்கனியில் தக்காளி காய்த்ததைக்கூட விடவில்லை.

ஒரு நாள் அப்பா ஃபோனை என்னிடம் நீட்டினார். "இந்த ரெண்டு கோடு என்னம்மா? பெட்ரோல் பங்க் தம்பிக்கு அனுப்பினா சாம்பலா இருக்கு, அப்புறம் நீலமாகுது."

சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்குச் சொன்னது போலவேதான்.

"அப்போ வாலு அனுப்பினத நான் தொறந்தா, நான் பாத்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சிருமா?" சின்ன வயதிலிருந்தே அவர் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்.

"தெரியும்ப்பா."

யோசித்தார். பிறகு சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நான் ஒண்ணும் பேசலியே. பாத்தேன், அவ்ளோதான?"

அதன் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. மெசேஜ் சத்தம் கேட்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார். சட்டை கலைந்திருந்தால் சரி செய்துகொள்வார், வீட்டுக்கு ஆள் வந்தது போல. ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். படித்துவிட்டு, அவளுக்கு நீலம் ஆகியிருக்கும் என்ற நினைப்பில், ஃபோனைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவார். அந்தப் பக்கத்திலிருந்து அவள் எனக்கு ஃபோன் போடுவாள். "அக்கா, நீலம் ஆயிடுச்சு. அப்பா படிச்சுட்டாரு. இது போதும் எனக்கு." நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை இல்லாமல் இப்படி ஒரு பேச்சு நடக்குமா என்று எனக்கே ஆச்சரியம்.

எனக்குப் பொறாமை என்று நினைக்காதீர்கள். அவருக்குக் கஞ்சி வைத்தது நான். கால் நகம் வெட்டியது நான். மாத்திரை, மருத்துவமனை, தண்ணீர் மோட்டார், எல்லாம் நான்தான். அதற்காக யாரும் என்னைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததில்லை.

எங்கள் மருத்துவமனைக்குப் பல் செட் செய்து தருபவர் ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர். பேச்சில் நிதானம். ஒரு நாள் அச்சுகளை மேசையில் வைத்துவிட்டு, "உங்களுக்குச் சம்மதம்னா நான் வந்து அப்பாவப் பாக்கறேன்" என்றார். எனக்கு அந்த வயதில் அப்படி யாரும் கேட்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். முகம் கழுவிக்கொண்டு அப்பா எதிரில் உட்கார்ந்தேன்.

"அப்பா, ஒரு விஷயம் பேசணும்."

"சொல்லும்மா."

"எங்க ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் வருவாரு, அவரு என்னை…"

ஃபோனில் சத்தம் வந்தது. அப்பா கையைத் தூக்கினார். "இரு, இரு. வாலு."

உங்கள் குழந்தை முன் பல் விழுந்த வாயைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த படம். அப்பா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார், என்னிடம் காட்டினார். நானும் சிரித்தேன். அழகான படம்தான். பிறகு ஃபோனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இன்னைக்கு என்ன சமையல்?"

மறுநாள் அவரிடம், அப்பாவை விட்டுவிட்டு வரமுடியாது என்று சொன்னேன். அவர் புரிந்துகொண்டார். வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்த வாரமே அப்பா ஃபோனில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது, பெரிதாக்கிக் கொடு என்றார். அதற்கான இடத்தைத் தேடிப் போனபோது அந்தப் பொத்தான் கண்ணில் பட்டது. படித்ததை அனுப்பியவருக்குக் காட்டவா வேண்டாமா என்று கேட்கிற பொத்தான். அணைத்தேன். கடைசியாக எப்போது பார்த்தார் என்று காட்டுவதையும் நிறுத்தினேன். எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். "இப்பதான் கண்ணுக்குக் குளுமையா இருக்கு" என்றார்.

நான் ஒரு மெசேஜையும் அழிக்கவில்லை. ஒரு வரியையும் மறைக்கவில்லை. அவள் அனுப்பியது எல்லாம் அவருக்கு வந்தது. அவர் எல்லாம் படித்தார், முன்போலவே தலையாட்டினார். நீலம் மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை.

சில நாளில் அவள் ஃபோன் போட்டாள். "அக்கா, அப்பா இப்பல்லாம் ஃபோன் பாக்கறதில்லையா?"

"ஃபோன் அவர் பக்கத்துலதான் இருக்கு."

"அப்புறம் ஏன் தொறக்க மாட்டேங்கறாரு? நான் எதாவது தப்பா எழுதிட்டனா?"

"எனக்கெப்படித் தெரியும்? கொஞ்சம் விட்டுப் பிடி."

விட்டுப் பிடித்தாள். தினமும் வந்தது வாரத்துக்கு ஒன்றாயிற்று, அப்புறம் அதுவும் குறைந்தது. அப்பா ஃபோனைத் தட்டிப் பார்ப்பார். "நெட்டு சரியா இருக்காம்மா?" என்பார். இருக்கிறது என்பேன். "அவளுக்கு வேல ஜாஸ்தி போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அந்த நாட்களில் என்னோடு கொஞ்சம் பேசினார். பஸ்ஸில் வந்த பிள்ளைகளைப் பற்றி, அம்மாவைப் பற்றி. நல்ல நாட்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. தங்கைக்கு நான்தான் சொன்னேன். அதை மறைக்கிற ஆள் நான் இல்லை. அவள் அனுப்பிய அந்தக் கடைசி மெசேஜை நீங்களும் படித்துவிட்டீர்கள். இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்.

"அப்பா, வரணும்னு இருக்கு. ஆனா உங்களுக்குப் பிடிக்காம வந்து நின்னு, இந்த நெலமைல உங்கள நோகடிக்க மாட்டேன். நீங்க பேச வேணாம், எழுத வேணாம். இத தொறந்து பாத்தா போதும். நீலம் ஆனா வரச் சொல்றீங்கன்னு எடுத்துக்கறேன். உடனே கெளம்பிடுவேன்."

ஃபோனை அவர் கண் முன்னால் நான்தான் பிடித்துக்கொண்டேன். உதடு அசைய அசையப் படித்தார். ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது. இடது கை விரலை அந்த எழுத்துகள் மேல் வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து அலமாரியைக் காட்டினார். புரியவில்லை என்பது போல நின்றேன். மறுபடி காட்டினார். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுவிட்டேன். தாடையைத் தடவினார். சவரம் செய்துவிட்டேன். தலையணையை வாசல் பக்கமாகத் திருப்பி வைக்கச் சைகை காட்டினார். வைத்தேன்.

அவள் அழைத்தாள். "அக்கா, காட்டினியா?"

"கையிலயே குடுத்தேன்."

"நீலம் ஆகலியே."

அவள் அழும் சத்தம் கேட்டது. "சரிக்கா. அவர் இஷ்டம். நீ பாத்துக்கோ" என்று வைத்துவிட்டாள்.

நான் பார்த்துக்கொண்டேன். தினமும் அதே வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டேன். தெருவில் கார் நின்றால் அவர் கழுத்தைத் தூக்குவார். போய்விட்டால் கழுத்து கீழே இறங்கும். பிறகு தூக்குவதையும் நிறுத்திவிட்டார். கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. ஒரு ஃபோன் போட்டிருக்கலாம் என்கிறீர்கள். போட்டிருக்கலாம். ஃபோன் என் மடியில்தான் இருந்தது. இன்றைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று நினைத்துக்கொண்டே அவருக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்க என் முகத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் என்னைப் பார்த்தார்.

கடைசி மத்தியானம் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "வா… வா…" என்று. நான் கைகளைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டேன்ப்பா" என்றேன். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். பலமில்லை.

நேற்று அவள் என் தோளில் சாய்ந்து கேட்டாளே, "சாகற வரைக்கும் எம்மேல அவ்ளோ கோவமாக்கா?" என்று, அப்போது நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்கள். "விடு, போனவரப் பத்தி என்ன பேச்சு" என்றேன். அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். சின்ன வயதில் அவளுக்கு ஜடை பின்னிவிட்டதும் நான்தான்.

ஆக, அப்பா படித்தார். ஒன்று விடாமல் படித்தார். அவளை வரச் சொன்னார். தான் கூப்பிட்டும் மகள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே போனார். அப்பா தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அவள் உள்ளே படுத்திருக்கிறாள். இரண்டையும் செய்தது நான். அவள் எழுந்ததும் நீங்களே சொல்லுங்கள், நான் தடுக்கமாட்டேன்.

சொல்லும்போது ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி. அப்பா கடைசிவரை தனியாக இல்லை. நான் பக்கத்திலேயேதான் இருந்தேன்.