காலியாக இருந்த கட்டம்

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அந்த வாளி நீலம். உங்கள் குறிப்பில் பச்சை என்று இருக்கிறது. பெரிய விஷயம் இல்லைதான், ஆனால் ஒரு ஆவணத்தில் ஒரு இடம் தப்பாக இருந்தால் படிக்கிறவர்கள் மற்ற இடங்களையும் நம்ப மாட்டார்கள். ஆறு வருஷமாக அறிக்கை எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன். அதற்கு முன்னால் இருந்தது சின்ன சிவப்பு வாளி. நீல வாளி, நிர்வாகக் குழு எனக்கு வாங்கிக் கொடுத்தது. அதை ஏன் வாங்கிக் கொடுத்தார்கள் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுக்கு நான் பொறுப்பு. பிரிவு என்றதும் என்னமோ ஏதோ என்று நினைத்துவிட வேண்டாம். நானும் என் தங்கையின் வீட்டுக்காரரும், மொத்தமே இரண்டு பேர். வருகிற நோயாளி ஒவ்வொருவருக்கும் என்ன நோய், என்ன மருந்து, எது ஒத்துக்கொள்ளாது என்கிற விவரமெல்லாம் தரைத்தளத்தில் ஒரு அறையில் இருந்த பதினொரு சர்வர்களில் இருந்தது. ஒரு காலத்தில் அது துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கிவைத்த அறை. சர்வர் சூடாகக் கூடாது என்று ஏசி ஓயாமல் ஓடும். அந்த ஏசியின் தண்ணீர் வெளியேறும் குழாய் சுவருக்குள் எங்கேயோ அடைத்துக்கொண்டது. சுவரை உடைத்தால் பக்கத்து எக்ஸ்ரே அறையை ஒரு வாரம் மூட வேண்டும் என்றார் கட்டடப் பொறியாளர். மூட முடியாது என்றார்கள். அதனால் ஒரு வாளி வைத்தோம்.

காலை பத்து மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை மாப்பிள்ளை அதைக் கொண்டுபோய்க் கொட்டுவார். கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த தாளில் டிக் அடித்துக் கையெழுத்துப் போடுவார். விடுமுறை நாளிலும் வந்து கொட்டிவிட்டுத்தான் போவார். நர்ஸுகள் அவருக்கு 'வாளி சார்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவர் கோபப்பட்டதே கிடையாது. "எனக்காவது ஒரு பட்டம் இருக்கு மச்சான், உங்களுக்கு அதுவும் இல்ல" என்பார். தங்கமான மனுஷன். இதை நான் இப்போது ஒப்புக்காகச் சொல்லவில்லை.

எங்கள் துறையில் பிசினஸ் கேஸ் என்று ஒன்று எழுதுவோம். ஒரு மாற்றம் ஏன் வேண்டும் என்று மேலிடத்துக்கு நியாயம் எடுத்துச்சொல்லும் அறிக்கை. நான் எழுதியது கிளவுடுக்கு மாறுவதைப் பற்றி. நம்முடைய விவரங்களை இந்த ஈர அறையில் பூட்டி வைக்காமல், அதற்கென்றே கட்டிய பெரிய கூடங்களில், இரண்டு மூன்று ஊர்களில் பிரதி எடுத்து வைப்பார்கள். ஒரு இடம் முழுகினாலும் இன்னொரு இடம் ஓடும். அவ்வளவுதான் விஷயம். ஸ்கூல் பிள்ளைக்குச் சொன்னால்கூடப் புரியும்.

குழுவுக்குப் புரியவில்லை. ஒவ்வொரு வருஷமும் நான் எழுந்து பேசுவேன். ஒவ்வொரு வருஷமும் கட்டடப் பொறியாளர், "கிளவுடுங்கிறீங்க, மழ பெஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பார். ஐந்து வருஷம், ஒரே ஜோக். ஐந்து வருஷமும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அதன் பிறகு கணக்கு அதிகாரி கடைசிப் பக்கத்துக்குப் போவார். அங்கே ஒரு அட்டவணை. அது நிர்வாகம் கொடுத்த படிவம், என்னுடையது இல்லை. இதுவரை நேர்ந்த தடங்கல், நீடித்த நேரம், பணி பாதிப்பு, உயிர்ச் சேதம் என்று நாலு கட்டம். நாலு மணி நேரத்துக்கு மேல் போனால்தான் 'தீவிரம்' என்று வகைப்படுத்த வேண்டும். என்னுடைய அட்டவணையில் நாலு கட்டமும் காலி.

"ஒண்ணுமே ஆகலையே சார்" என்பார் அவர். "நல்லா ஓடுற வண்டிய எதுக்கு மாத்தணும்?"

ஒன்றுமே ஆகாமல் இருப்பது எங்களால் சார் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்த வண்டியை நாங்கள் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். காதில் போட்டுக்கொள்ள ஆள் இல்லை. ஐந்தாவது தடவை, வாளி நிரம்பி வழிந்தால் என்ன ஆகும் என்று படத்தோடு விளக்கினேன். தரையில் பேட்டரிப் பெட்டி, அதிலிருந்து எல்லா சர்வருக்கும் மின்சாரம், தண்ணீர் பட்டால் மொத்தமும் படுத்துவிடும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டினேன். பெரிய டாக்டர்தான் குழுத் தலைவர். கண்ணாடியைக் கழற்றி, படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "வாளி சின்னதா இருக்கு. பெருசா ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றார்.

நீல வாளி அப்படி வந்தது. மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். கைப்பிடி நன்றாக இருக்கிறதாம்.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. என் அறிக்கைக்கு எதிரி குழு இல்லை, மாப்பிள்ளை. அவர் ஒழுங்காக வேலை பார்க்கிற வரைக்கும் அந்த நாலு கட்டமும் நிரம்பப் போவதில்லை. என்றைக்காவது அவருக்குக் காய்ச்சல் வரும், அன்றைக்கு எல்லாம் முழுகும், ஆஸ்பத்திரியில் எத்தனை பேருக்கு என்ன ஆகுமோ. அதைத் தடுக்கத்தான் நினைத்தேன். தடுக்க வேண்டுமென்றால் அதில் கொஞ்சத்தை முன்கூட்டியே காட்ட வேண்டியிருந்தது. தடுப்பூசி போடுவதில்லையா, அந்த மாதிரி.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு மாப்பிள்ளையை எங்கள் கிளை மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றேன். நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. பத்து மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் போன் செய்தார்.

"மச்சான், வாளி?"

"கொட்டிட்டேன்" என்றேன்.

நான் எதையும் தொடவில்லை. கொட்டவில்லை, அவ்வளவுதான். ஆனால் பெரிய வாளி பாருங்கள், பத்தரை ஆகியும் விளிம்புக்கு நாலு விரல் பாக்கி. அப்படியே விட்டால் மத்தியானம் ஆகிவிடும், மாப்பிள்ளை திரும்பிவிடுவார். அதனால் ஒரு சாண் தள்ளி வைத்தேன். தொடவில்லை என்று சொன்னேன் இல்லையா, அதையும் திருத்திக்கொள்ளுங்கள். சொட்டு நேராகப் பேட்டரிப் பெட்டிமேல் விழுந்தது. பத்து ஐம்பதுக்கு அறையில் இருந்த சத்தமெல்லாம் நின்றது. பதினொரு வருஷத்தில் அந்த அறை அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை.

என் மேசைக்கு வந்து புது அட்டவணையைத் திறந்துவைத்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் போன் ஓயாமல் அடித்தது. மருந்துக் கிடங்கில் இருந்து கேட்டார்கள், ஆய்வுக்கூடத்தில் இருந்து கேட்டார்கள். கணக்கு அதிகாரியே மூச்சிரைக்க மாடி இறங்கி வந்தார். "என்ன சார் ஆச்சு, எப்ப வரும்?" என்றார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

பதினொன்று இருபதுக்கு அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். நல்ல அனுபவசாலி, பதற்றப்படுகிறவர் இல்லை.

"சார், ஒரே ஒரு பேஷண்ட் மட்டும் பாத்துச் சொல்லுங்க. டைலர் வேலை பாக்குற அம்மா. காலுல புண்ணு சீழ் புடிச்சு, நெருப்பாக் கொதிக்குது. பேச்சு தெளிவா இல்ல. ஏதோ ஒரு ஊசி ஒத்துக்காதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றாங்க, எதுன்னு தெரியல. மூணு வருஷம் முன்னாடி இங்கதான் அட்மிட் ஆகியிருந்தாங்க. ரெக்கார்டுல இருக்கும் சார்."

"எல்லாமே படுத்துடுச்சும்மா" என்றேன். "ஒண்ணும் தெரியாது."

"வேற எங்கயாவது காப்பி இருக்குமா சார்?"

"கிளவுடுல இருந்தா எடுத்திருக்கலாம்" என்றேன். "குழுதான் வேண்டாம்னுடுச்சு."

அவர் போனை வைத்தார். காத்திருக்க நேரமில்லை. இரண்டு மருந்தில் ஒன்றை டாக்டர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பதினொன்று நாற்பதுக்கு ஊசி போட்டார்கள். பன்னிரண்டு நாற்பதுக்கு அந்தம்மா இறந்துபோனார். வெளியே, சேதி கேட்டு அப்போதுதான் வந்து சேர்ந்த அவருடைய வீட்டுக்காரர் கையில் அவருடைய செருப்பை வைத்துக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மூன்று மணிக்கு எல்லாவற்றையும் சரிசெய்து ஓடவிட்டேன். நாலு மணி நேரம் பத்து நிமிஷம்.

அடுத்த வாரம் குழு கூடியது. நாலு கட்டமும் நிரம்பிய அட்டவணையோடு ஆறாவது தடவையாக எழுந்து நின்றேன். இந்தத் தடவை யாரும் ஜோக் அடிக்கவில்லை. மாப்பிள்ளையை உள்ளே கூப்பிட்டார்கள். அன்றைக்குக் காலைக் கட்டத்தில் டிக் இல்லை, கையெழுத்து இல்லை. "போன் பண்ணிக் கேட்டேன் சார், மச்சான் கொட்டிட்டேன்னாரு" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போன் வந்தது உண்மை, பிரிண்டரைப் பற்றித்தான் பேசினோம், வாளியைப் பற்றிப் பேசின ஞாபகம் இல்லை என்றேன். மாப்பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை. தான்தான் எதையோ மறந்துவிட்டோமோ என்கிற மாதிரி.

குழு முடிவு எடுத்தது. ஊழியரின் அலட்சியம். அவரை வேலையைவிட்டு நிறுத்தி, போலீஸில் புகார். வாளிக்குப் பதில் தானாகத் தண்ணீரை இழுக்கிற ஒரு மோட்டார். டிக் சரிபார்க்க இன்னொரு ஆள். கிளவுட் பற்றிய முன்மொழிவு, தேவை எழாததால் தள்ளுபடி.

தேவை எழாததால். இதே வார்த்தை. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது அப்போதுதான். ஒரு உயிர் போயிருக்கிறது, இவர்கள் மோட்டார் வாங்குகிறார்கள்.

நேற்று தங்கை வீட்டுக்கு வந்தாள். ஜாமீனில் வந்ததில் இருந்து அவர் சாப்பிடுவதில்லையாம். "குளிக்கிற வாளியப் பாத்தாக்கூட நடுங்குறாரு அண்ணா. அந்தம்மாவ நான்தான் கொன்னுட்டேன், போனே பண்ணல போலிருக்கு, நானா நெனச்சுக்கிட்டேன் போலிருக்குன்னு திரும்பத் திரும்ப அதையே சொல்றாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க பேச்சுன்னா கேப்பாரு." அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, நாளைக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அதனால்தான் இன்று காலை நானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை கேட்டார், நான் கொட்டிவிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர்மேல் ஒரு துளி தப்பும் இல்லை. இதை இன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று குழுவுக்கும் போக வேண்டும். ஒரே ஒரு ஆள், ஒரு சாண் தூரம் வாளியை நகர்த்தினால் ஒரு ஆஸ்பத்திரியையே நிறுத்தமுடிகிறது. இதை நான் ஐந்து தடவை எழுத்தில் சொன்னேன். இனிமேலாவது அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. ஆறாவது அறிக்கைக்குப் பின்னிணைப்பாக வைத்தால் சரியாக இருக்கும்.

நீங்கள் என் லேப்டாப்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அதில் முந்தின நாள் வரைக்குமான முழுப் பிரதி இருந்தது. விவரம் எதுவும் ஒரேயடியாக அழிந்துவிடக் கூடாது என்று ஞாயிற்றுக்கிழமையே எடுத்துவைத்தேன். நான் பொறுப்பில்லாதவன் இல்லை. பதினொன்று இருபத்திரண்டுக்கு அந்தம்மாவின் பக்கம் திறக்கப்பட்டிருக்கிறது என்கிறீர்கள். திறந்தது நான்தான். மருந்தின் பெயர் சிவப்பு எழுத்தில் மேலேயே இருந்தது. நர்ஸின் நம்பர் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஊசி போட இன்னும் பதினெட்டு நிமிஷம் இருந்தது. சொல்லியிருந்தால் அந்தம்மா பிழைத்திருப்பார், அட்டவணையில் அந்தக் கடைசிக் கட்டம் மறுபடியும் காலியாக இருந்திருக்கும், இன்னொரு வருஷம் போயிருக்கும்.

கடைசிக் கேள்வி, உயிர்ச் சேதம் என்கிற கட்டம். அந்தம்மா இறந்தது பன்னிரண்டு நாற்பதுக்கு. அந்தக் கட்டத்தில் 'ஒன்று' என்று நான் எழுதியது பதினொன்று இருபத்தைந்துக்கு. அது எப்படி முன்னாலேயே தெரிந்தது என்று கேட்கிறீர்கள். தெரியாது. மதிப்பீடுதான். பிசினஸ் கேஸ் என்றாலே மதிப்பீடு போட்டுத்தான் எழுதுவோம், எல்லாமே அச்சுப்பிசகாமல் வந்துவிடாது. இந்த ஆறு வருஷத்தில் நான் போட்டதில் சரியாக வந்தது அது ஒன்றுதான்.