சிவப்புப் புள்ளி

மேப்பிள் பாகு பூசிய டோனட்டை நான் தொடுவதே இல்லை. பல்லில் ஒட்டும். ஆனாலும் மினியாபொலிஸில் எந்தக் கடையில் அது சூடாகக் கிடைக்கும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். அத்தனை முறை வாங்கியிருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு பழக்கம். நரம்பில் மருந்து ஏற்றுகிற பம்பு செய்கிறோம். வடிவமைப்பு முடிந்ததும் அதைச் செய்து, சோதித்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்வரை எல்லோரையும் மேய்க்கிற திட்ட மேலாளர் நான். திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒவ்வொரு வேலைக்கும் பலகையில் ஒரு புள்ளி ஒட்டுவேன். பச்சை என்றால் வேலை நடக்கும். சிவப்பு என்றால் எல்லாம் நிற்கும். சிவப்பு ஒட்டியவர் அடுத்த வாரம் எல்லோருக்கும் டோனட் வாங்கி வர வேண்டும். விளையாட்டுத்தான்.

போன மாடல் பம்பில் குழாய் இணைப்பு விரிசல் விட்டது. சிவப்பு ஒட்டினேன். பொறியியல் பிரிவின் தலைவன் டாட் லிண்ட்கிரென் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "டெனீஸ், உங்களுக்குக் கொசு கடிச்சாக்கூட ஆம்புலன்ஸ் வேணும்போல" என்றான். அறையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். விரிசல் உண்மைதான் என்று தெரிந்ததும், தானே கண்டுபிடித்ததாக மேலிடத்தில் சொல்லித் துணைத் தலைவர் பதவியை வாங்கிக்கொண்டான். அந்த வாரமும் டோனட் வாங்கியது நான்தான். வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது.

அடுத்த பம்புக்கு அவன்தான் பொறுப்பு. கடைசிக் கையெழுத்தும் அவனுடையது. சோதனைக்கூடத்து ஷெர்ரி நோவாக் ஒருநாள் என் மேசைக்கு வந்தாள்.

"டெனீஸ், பேட்டரி தீர்ந்தா பம்பு நின்னுடுது, சரி. ஆனா சில நேரம் அலாரம் அடிக்கவே மாட்டேங்குது. டாட்கிட்ட சொல்லணும்ல?"

"நான் சொல்லிக்கிறேன். நீ உன் வேலையப் பாரு."

திங்கட்கிழமை பச்சை ஒட்டினேன். "அப்பாடா, இந்தம்மாவும் திருந்திட்டாங்க" என்று சொல்லிவிட்டு, எதையும் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான்.

யாருக்கும் நான் கெடுதல் நினைக்கவில்லை. எவளாவது ஒரு நர்ஸ் கவனிப்பாள், புகார் வரும், அவன் சீட்டு கிழியும். அவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு.

டுலூத் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். அலாரம் அடிக்காததால், இதய மருந்து நின்றது பக்கத்தில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. ஷெர்ரி அழுதுகொண்டே வந்து, "டாட்கிட்ட சொன்னீங்கல்ல?" என்றாள். "சொன்னேன்டி. அவன் காதுல போட்டுக்கலை" என்றேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

நர்ஸ் மின்செருகியை மாட்ட மறந்தாள் என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். டாடுக்கு ஒரு எச்சரிக்கை, வேறொன்றும் இல்லை. அப்போதே நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் என்ன ஆகும்? "நான்தான் கண்டுபிடிச்சேன்" என்று மறுபடியும் ஒரு படி மேலே போயிருப்பான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. பொறுத்திருந்தேன். பலகையில் பச்சை அப்படியே இருந்தது.

அடுத்தது ஒரு குறைமாதக் குழந்தை. இந்த முறை அவனை வெளியே அனுப்பினார்கள். அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தவனுக்கு நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். பிறகு போய்ச் சிவப்பு ஒட்டினேன். பம்புகள் எல்லாம் திரும்பி வந்தன.

அந்தச் சிவப்பை முதலிலேயே ஒட்டியிருந்தால் இரண்டு பேரும் உயிரோடு இருந்திருப்பார்களே என்கிறீர்கள். இருந்திருப்பார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள், அந்த வாரம் டோனட் யார் வாங்குவது?