கீழ் பட்டன்

— காலை விறைப்பா வெச்சுக்காதீங்க மேடம். மூட்டை மாதிரி இந்தத் தொட்டில் துணியில சும்மா கிடங்க, ஆளைத் தூக்கற மெஷின் பாத்துக்கும்.

— மூட்டைன்னே சொல்லியாச்சு. டேய் தம்பி, சிரிக்காதடா.

— சிரிக்கலக்கா. நீ தினமும் தூக்கறப்போ நான் எப்படித் தொங்குவேன்னு பாக்கறேன்.

— வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல தூக்கறவங்க ஒரு தடவை ஏறிப் பாத்துடணும் மேடம், அப்பத்தான் நம்பிக்கை வரும். ரிமோட்டை உங்ககிட்டயே குடுக்கவா?

— அண்ணே, நான் இங்கதான் சக்கர நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். வாங்கினா தூக்கப்போறது என்னைத்தான். இந்த மாற்றுத்திறனாளிங்க கண்காட்சிக்குள்ள வந்ததுலேர்ந்து ஸ்டால் ஸ்டாலா எல்லாரும் இவளைத்தான் கேக்கறீங்க. சாருக்கு என்ன வெயிட்டு, சாருக்கு என்ன வயசு. சாருக்கு வாய் இருக்கு.

— ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க சார். இந்தாங்க, நீங்களே அழுத்துங்க. மேல் பட்டன் ஏத்தும், கீழ் பட்டன் இறக்கும். விரல் லேசா பட்டாலே போதும்.

— விரல்தான் என்கிட்ட மிச்சம்.

— டேய், மெதுவா... ஏய், போதும் போதும்! அம்மாடி, காலுக்குக் கீழ தரையே இல்ல.

— பயப்படாதீங்க மேடம், யானையே ஏறினாலும் தாங்கும். சார், அங்க யாரோ கூப்பிடறாங்க. ஒரே நிமிஷம், வந்துடறேன்.

— யானையாம். போயிட்டானா? இறக்குடா. போறவங்க வர்றவங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க.

— பாக்கட்டும். பழகிடும்.

— என்னடா ஒரு மாதிரி பேசற? நான் டீ வாங்கிட்டு வந்ததுலேர்ந்தே உன் மூஞ்சி சரியில்ல.

— நீ டீ வாங்கப் போனப்போ, மெத்தை ஸ்டால் பொண்ணு புது மெத்தை போட்டுப் பாக்கலாம்னு சொன்னா. ரெண்டு பேரை விட்டு என்னைத் தூக்கினா.

— நான் வர்றதுக்குள்ள யார் தூக்கச் சொன்னது?

— நான்தான். நாற்காலியில இருந்த பழைய மெத்தையை எடுத்தா. அடியில ஒரு காகிதம். சார், இது உங்களோடதான்னு கேட்டு மடியில வெச்சா.

— ...பாத்துட்டியா.

— நல்லா இடம் பாத்து ஒளிச்சிருக்கக்கா. எனக்கு எட்டவே எட்டாத இடம். மூணு மாசத்துக்கு முந்தின தேதி. மூணு மாசமா தினமும் என்னைத் தூக்கி அது மேலயே உட்கார வெச்சிருக்க.

— அது சும்மா வாங்கி வெச்சதுடா.

— சும்மா வாங்கினதுல உன் கையெழுத்து எதுக்கு? அதோ கடைசியில ஸ்டால் போட்டிருக்கானே, என்னை மாதிரி ஆளுங்களை வெச்சுப் பாத்துக்கற இல்லம், அவனோட படிவம்தானே? அந்தப் பக்கம் மட்டும் என்னைத் தள்ளிட்டே போகல நீ.

— கூட்டமா இருந்துச்சு.

— அங்க ஈ கூட இல்ல. காரணம் என்னன்னு கேட்ட இடத்துல முதுகு வலின்னு எழுதியிருக்க.

— வலிக்காதா பின்ன? அம்மா போன மறுநாள்லேர்ந்து நான்தானே தூக்கறேன். பதினேழு வருஷம்.

— வலிக்கும். இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்கு மேல வேற ஒண்ணு எழுதி அடிச்சிருக்க. அடிச்சாலும் தெரியுது.

— படிக்காத.

— ‘தூங்கும்போது மட்டும்தான் இவனைப் பிடிக்குது.’ இதானே எழுதின?

— அது ஒரு நாள் எழுதினதுடா! அன்னிக்கு மூணு தடவை படுக்கையை நனைச்ச. மூணு தடவையும், சீக்கிரம் வந்தா என்னன்னு என்னையே திட்டின.

— திட்டினேன். வேற யாரைத் திட்டறது? வீட்ல நீ மட்டும்தானே இருக்க.

— இறக்குடா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.

— சேருபவர் கையெழுத்துன்னு ஒரு இடம் காலியா இருந்துச்சு. அந்தப் பொண்ணுகிட்டயே பேனா வாங்கினேன். கோணல்மாணலா போட்டுட்டேன்.

— பைத்தியமாடா உனக்கு? குடு, கிழிச்சுப் போடறேன்.

— கிழிப்பியா? இல்ல, அந்த ஸ்டாலுக்குத் தள்ளிட்டுப் போவியா? ஒண்ணைச் சொல்லு, இறக்கறேன்.

— இப்படித் தொங்க விட்டுட்டுக் கேக்காதடா.

— சரி, சொல்ல வேணாம். இப்பவே இறக்கறேன். தரையில கால் பட்டதும் நீ என்னை எந்தப் பக்கம் தள்றன்னு பாத்துக்கறேன்.

— தம்பி, இரு. அந்தப் பட்டன்லேர்ந்து விரலை எடு. பதினேழு வருஷத்துல இப்பத்தான்டா முதுகு வலிக்கல. இன்னும் கொஞ்ச நேரம் என்னை இறக்காம இருக்கியா?