சாவி வாங்காத கடை

பாலிஷ்காரர்: தொடாதீங்க மாஸ்டர். சக்கரத்து மேல அடிச்ச லாக்கர் பூச்சு இன்னும் இறுகல. விரல் பட்டா ரேகை அப்படியே நிக்கும்.

மாஸ்டர்: தொடலண்ணே, மூஞ்சிதான் பாத்தேன். நேர்ல இருக்கறத விட இந்தச் சக்கரத்துல நான் அழகா இருக்கேன்.

பாலிஷ்காரர்: வளைஞ்சு தெரியுது, அதனாலதான்.

மாஸ்டர்: உரசின தடம் எதுவும் தெரியாதுல்ல?

பாலிஷ்காரர்: ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, லேத்துல சீவி, லாக்கர் அடிச்சிருக்கேன். செஞ்ச கம்பெனிக்காரனே வந்தாலும் புதுசும்பான். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இது மூணாவது தடவ. இன்னொரு தடவ சீவ இதுல சதை இல்ல. இனிமே பட்டா வேற சக்கரம்தான்.

மாஸ்டர்: பட விடமாட்டேண்ணே. பசங்கள மெரட்டி வச்சிருக்கேன்.

பாலிஷ்காரர்: எந்தப் பசங்க?

மாஸ்டர்: கத்துக்க வர்றவங்கதான், வேற யாரு? டிரைவிங் ஸ்கூல் வண்டின்னா உரசத்தானே செய்யும். பகட்டுக்கு இந்த அலாய் சக்கரம் போட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும்.

பாலிஷ்காரர்: எப்பவும் ஸ்டீயரிங் இல்லாத பக்கம் மட்டும்தான் உரசும் போல.

மாஸ்டர்: புதுசா ஓட்டறவங்களுக்கு அந்தப் பக்கம் பிடிபடாது.

பாலிஷ்காரர்: இருக்கும், இருக்கும்.

மாஸ்டர்: என்ன 'இருக்கும் இருக்கும்'?

பாலிஷ்காரர்: ஒண்ணுமில்ல. நாளைக்கு என்னமோ அவசரம்னீங்களே.

மாஸ்டர்: காலைல ஆறரைக்குப் புது ஆள் சேர்றாரு. போன மாசம் மூணு பேர் வந்தாங்க. இந்தச் சக்கரத்த ஒரு பார்வ பாத்தாங்க, 'வீட்ல கேட்டுட்டு வர்றோம்'னு போனவங்கதான். இவரும் போயிட்டா ஸ்கூல இழுத்து மூடிட்டு உங்ககிட்ட உப்புத்தாள் தேய்க்க வந்துட வேண்டியதுதான்.

பாலிஷ்காரர்: வேணாம். நீங்க பேசிக்கிட்டே தேய்ப்பீங்க, சக்கரம் சப்பாத்தியா ஆயிடும்.

மாஸ்டர்: அவரோட பொண்ணுதான் போன்ல பேசிச்சு. 'அப்பா ரொம்பக் கூச்சப்படுவாரு, சிரிச்சிடாதீங்க சார்'னு. நான் ஏம்மா சிரிக்கப் போறேன், என்னப் பாத்துச் சிரிக்கவே ஆள் ஏகப்பட்டது இருக்குன்னேன்.

பாலிஷ்காரர்: ...நல்லாத்தான் சொல்லிருக்கீங்க.

மாஸ்டர்: ஆமா, மூலையில போர்வ போத்தி நிக்குதே ஒரு வண்டி, யாருது? ஒரு வருஷமா பாக்குறேன். நாலு சக்கரமும் கண்ணாடி மாதிரி இருக்கு. டயர்ல ஒரு பொட்டு மண்ணு இல்ல.

பாலிஷ்காரர்: அது... ஒருத்தரோடது. பொண்ணு வாங்கிக் குடுத்தது. எடுப்பாரு.

மாஸ்டர்: மறந்துட்டாரா?

பாலிஷ்காரர்: மறப்பாரா? தைரியம்... நேரம் வரல.

மாஸ்டர்: சரி, கெளம்பறேன். இந்தாங்க சாவி.

பாலிஷ்காரர்: எனக்கு எதுக்கு?

மாஸ்டர்: ரோடு வரைக்கும் ரிவர்ஸ் எடுத்து விட்டுடுங்களேன்.

பாலிஷ்காரர்: போர்டு பாக்கலியா? 'வாடிக்கையாளர் சாவியைத் தொட மாட்டோம்.' இருபது வருஷமா தொட்டதில்ல.

மாஸ்டர்: தெரியும்ணே. அந்த நாணயத்துக்குத்தானே உங்கள இப்படித் தூக்கி வச்சுப் பேசறாங்க. எனக்காக ஒரே ஒரு தடவ.

பாலிஷ்காரர்: நீங்க மாஸ்டரு. பத்தடி ரிவர்ஸ் எடுக்க நான் எதுக்கு?

மாஸ்டர்: கழுத்துப் பிடிப்பு. திரும்பிப் பாக்க முடியல.

பாலிஷ்காரர்: இப்ப அந்த மூலை வண்டிய நல்லாவே திரும்பிப் பாத்தீங்களே.

மாஸ்டர்: ...வாசல் குறுகலா இருக்குண்ணே. ஓரத்துல அந்தக் கல்லு வேற.

பாலிஷ்காரர்: நேத்து இதே வாசல்லதான உள்ள வந்துச்சு வண்டி.

மாஸ்டர்: அது என் ஸ்டூடண்ட் ஓட்டிச்சு.

பாலிஷ்காரர்: பாத்தேன். நச்சுன்னு கொண்டாந்து நிறுத்திச்சு அந்தப் பொண்ணு. நீங்க பக்கத்து சீட்டுல நகத்தக் கடிச்சுக்கிட்டு இருந்தீங்க.

மாஸ்டர்: நகம் வளந்திருந்துச்சுண்ணே.

பாலிஷ்காரர்: மாஸ்டர், கத்துக்கறவங்க இடிச்சா வேகமா இடிப்பாங்க. ஒரே எடத்துல ஆழமா வெட்டும். இது அப்படியில்ல. மெல்ல, பயந்து பயந்து, முக்கால் வட்டம் உரசிருக்கு. மூணு தடவையும் ஒரே கைதான்.

மாஸ்டர்: கையும் களவுமா பிடிச்சிட்டீங்க... நான்தாண்ணே. பதினெட்டு வருஷம் அந்தப் பக்கத்து சீட்டுலயே உக்காந்துட்டேன். அங்கேருந்து பாத்தா ஓரக்கல்லுக்கும் சக்கரத்துக்கும் எத்தன விரல் இடைவெளின்னு சொல்லுவேன். ஸ்டீயரிங் முன்னாடி உக்காந்தா அந்தப் பக்கம் பூமி இருக்கா இல்லையான்னே தெரியல. சாயங்காலம் வீட்டு வாசல்ல நிறுத்தும்போதெல்லாம் இதே கததான். பொண்டாட்டிகிட்டயும் பசங்க மேலதான் பழியப் போட்டு வச்சிருக்கேன்.

பாலிஷ்காரர்: நான் சிரிக்கல.

மாஸ்டர்: சிரிங்க, பரவால்ல. நானே கண்ணாடியப் பாத்து சிரிக்கிறதுதான். ஆனா நாளைக்கு ஆறரைக்கு இந்தச் சக்கரம் இப்படியே போய் நிக்கணும். அவரும் திரும்பிப் போயிட்டா எனக்கு வேற தொழில் தெரியாது. காலுல விழச் சொன்னாலும் விழறேன், வண்டிய வெளில எடுத்துக் குடுங்க.

பாலிஷ்காரர்: அவர் திரும்பிப் போக மாட்டாரு.

மாஸ்டர்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

பாலிஷ்காரர்: மொத தடவையே அந்த உரசலப் பாத்து ஆள் யாருன்னு கண்டுபிடிச்சவரு. அதுக்கப்புறமும் பொண்ணுகிட்ட இந்த ஸ்கூலுக்கே போன் பண்ணச் சொன்னாரு. மறைக்க ஏதாவது வச்சிருக்கற வாத்தியார்தான் நம்மளப் பாத்துச் சிரிக்க மாட்டார்னு ஒரு நம்பிக்க.

மாஸ்டர்: அண்ணே... அந்த போர்வ போத்தின வண்டி...

பாலிஷ்காரர்: சாவியக் குடுங்க மாஸ்டர். உங்க பழைய சீட்டுலயே ஏறி உக்காந்து, கல்லுக்கும் சக்கரத்துக்கும் எத்தன விரல்னு சொல்லிக்கிட்டே வாங்க. ஆறரைப் பாடத்த இப்பவே ஆரம்பிச்சிடலாம்... முதல்ல, கீழ மூணு மிதி இருக்கே, இதுல பிரேக் எது?